பத்து நிமிடம், மேலும் ஒரு பத்து நிமிடம்

காவல் ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

அந்த வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேடு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பக்கங்கள் கொண்டது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் காஞ்சிபுரத்தில் என்னைத் தவிர வேறு எவரும் இருக்க முடியாது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவனுக்கு, கையில் கிடைத்த அச்சுத்தாளைப் பாதியில் வைக்க மனம் வராது.

தாங்கள் எங்கள் இல்லத்துக்கு வந்து விசாரித்தபோது, "அந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது" என்று பதிலளித்தேன். தாங்களும் அதை எழுதிக்கொண்டீர்கள். அது பிழையான வாக்கியம். அதைத் திருத்துவதற்கே இதை எழுதுகிறேன். பள்ளி ஆண்டு மலருக்கு முன்னுரை எழுதியதைத் தவிர எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. நடையில் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

காலமான என் தமையனார் பார்த்தசாரதியைச் சின்னக் காஞ்சிபுரத்தில் பாச்சா என்றால்தான் தெரியும். பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது அவருக்கு முன்னால் பாசுரங்களை ஓதிக்கொண்டு நடக்கும் குழுவைக் கோஷ்டி என்போம். அதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஸ்தானம் உண்டு. ஓதி முடித்ததும் வழங்கும் தீர்த்தம் எங்கள் வீட்டு மூத்தவருக்குத்தான் முதலில். அதன் பிறகே மற்றவர்களுக்கு. தங்களுக்கு அது ஓர் உத்தரிணிக் கரண்டித் தண்ணீராகத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதில் தவறேதும் இல்லை.

அண்ணாவுக்கு வெண்கலக் குரல். காதும் அப்படியே. பத்துப் பேர் சேர்ந்து ஓதும்போது யார் எந்த எழுத்தை விழுங்கினார்கள் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது நானாகவே இருந்தேன். எனக்கு ஐம்பது வயது நிறைந்த பிறகும், முழுக் கோஷ்டியின் நடுவில், "டேய் அம்பி, முழுங்காதேடா. பசின்னா ஆத்துக்குப் போய்ச் சாப்டு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஊர் என்னை எச்.எம். சார் என்று அழைத்தது. அண்ணா ஒருவருக்கு மட்டும் நான் அம்பி.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. காதும் அறிவும் இடக்கையும் மிஞ்சின. இடக்கை மோதிர விரலில் மடத்தில் சம்மானித்த தங்க மோதிரம் இருந்தது. தினமும் காலையில் அவருடைய கட்டில் அருகே அமர்ந்து நான் பாராயணம் செய்வேன். எங்காவது பிழை நேர்ந்தால் அந்த மோதிரத்தால் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். ஒரு பிழைக்கு ஒரு தட்டு. நான் அந்த அடியை மறுபடியும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை தட்டுவார்.

அண்ணாவின் மனைவி, என் மன்னி மங்கைக்கு அதில் அளவற்ற மகிழ்ச்சி. "பாத்தியோன்னோ அம்பி, உடம்புதான் படுத்துண்டிருக்கு. காது எழுந்து உக்காந்துண்டிருக்கு" என்பாள். உடல்நலம் விசாரிக்க வருகிறவர்களைக் கட்டிலருகே அமர்த்தி, என்னை ஓதச் சொல்லி, அவர் தட்டுவதைக் காட்டுவாள். "ஹெட்மாஸ்டருக்கே மார்க் போடறாரே!" என்று ஒருவர் சொன்னது பிறகு தெருவில் அடிக்கடி கேட்டது. ஒரு நாளில் இருபது தட்டுக்குக் குறைந்ததில்லை. ஆறு ஆண்டுகள். பெருக்கிப் பார்க்கும் வேலையைத் தங்களுக்கு வைக்க விரும்பவில்லை.

அவரைக் குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், மல ஜலம் எடுப்பதும் நானே. ஊரார் என்னை லட்சுமணன் என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. அவர் வெளியே வர இயலாததால் கோஷ்டியில் குடும்பத்தின் ஸ்தானத்தில் நான் நின்றேன். ஐந்து கருட சேவைகளில் முதல் தீர்த்தம் என் உள்ளங்கையில் விழுந்தது. அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் குறை எதுவும் இல்லை.

பிறகு வண்டி வந்தது.

அண்ணாவின் மகன் ப்ரஹ்லாத் பனி கொட்டும் நாட்டில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியபோது, தன் காரையும் கப்பலில் கொண்டுவந்து அப்பாவின் சௌகரியத்துக்கென்று இங்கே நிறுத்தினான். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. பின்பக்கக் கண்ணாடிகள் கறுப்பு; உள்ளேயிருந்து வெளியே தெரியும், வெளியேயிருந்து உள்ளே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிற்சாலையிலேயே பொருத்திய ஒரு வசதி இருந்தது. சாவியைப் போடாமல், தூரத்திலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடத் தொடங்கும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியைச் சூடாக்கிக்கொள்வதற்காக அவர்கள் செய்தது. காஞ்சிபுரத்தில் குளிரூட்டுவதற்கு அது பயன்படும் என்று ப்ரஹ்லாத் கூறினான். பொத்தான் தனி, சாவி தனி; பூட்டிய கதவைத் திறக்கச் சாவிதான் வேண்டும். பொத்தான் ஒரு தீப்பெட்டி அளவுதான்.

அந்த வசதியைப் போல் மனிதனை எரிச்சலூட்டும் பொருளை நான் கண்டதில்லை. முதலில் பூட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே மற்றொன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சற்று முன்பின்னானால் வண்டி அசையாது. ஒரு கதவு சரியாகச் சாத்தியிராவிட்டாலும் அசையாது. நம் ஊர் பெட்ரோலால் முகப்பில் ஏதோ மஞ்சள் விளக்கு எரிந்தாலும் அசையாது. எல்லாம் ஒத்துவந்து ஓடினால், பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். இன்னொரு முறை அழுத்தினால் மேலும் ஒரு பத்து நிமிடம். மூன்றாம் முறை என்ன செய்தாலும் வராது. சாவியை உள்ளே போட்டுத் திருப்பினால்தான் அதற்குக் கோபம் தணியும்.

ஓட்டுநர் தாவீது வாலாஜாபாத்துக்காரர். நாற்பது வயது; வாயாடி; நல்ல மனிதர். அவர் அந்தப் பொத்தானோடு பட்ட பாட்டைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

"இன்னா சார் இது, பேய் புட்ச வண்டி மாதிரி தானா கெளம்புது, தானா நின்னுடுது! டீ ஆர்றதுக்குள்ள ஆஃப் ஆயிடுச்சுபா. எம் பொண்டாட்டி கூட ரெண்டு தபாவுக்கு மேல கூப்ட்டா வருவா, இது வர மாட்டேங்குது."

தொலைபேசியில் ப்ரஹ்லாத்திடம் நான் முறையிட்டேன். அவன் சிரித்தான். "சித்தப்பா, அது சேஃப்டிக்காகப் பண்ணினது. யாராவது மறந்து போய்ட்டா வண்டி நாளெல்லாம் ஓடிண்டே இருக்கக் கூடாது பாருங்கோ. நூத்து நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கு, படிச்சுப் பாருங்கோ" என்றான். படித்துப் பார்த்தேன். மீதிப் பக்கங்களையும் படித்தது அப்போதுதான்.

வண்டி வந்த மறு வைகாசியில், ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அண்ணா கருட சேவைக்கு வந்தார். வீதியில் கோஷ்டி ஓதி முடிக்கும் மண்டபத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, தாவீது சாவியோடு முன் இருக்கையிலேயே அமர்ந்து, எஞ்சினை ஓடவிட்டபடி இருந்தார். உள்ளே அண்ணா திருமண் இட்டுக்கொண்டு, பட்டு உடுத்தி, பின் இருக்கையில் சாய்ந்திருந்தார். நிறைவுப் பாசுரங்களான சாற்றுமுறை ஆயிற்று. முதல் தீர்த்தத்துக்காக நான் கையை நீட்டினேன். தீர்த்தம் கொடுப்பவர் என் கையைப் பார்த்துவிட்டு, "பாச்சா ஸ்வாமி எழுந்தருளியிருக்காரே! அவருக்குன்னா முதல்ல" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் போனார். முழுக் கோஷ்டியும் காத்திருந்தது. கண்ணாடி இறங்கிற்று. இடக்கை வெளியே வந்தது. நான் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. மடக்காமல் இருக்கவும் முடியவில்லை. எவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அண்ணா கவனித்தார். தீர்த்தம் உட்கொண்டு கையைத் தலையில் துடைத்துக்கொண்டபின், என்னைப் பார்த்து, ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

அன்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐயா, அதற்குப் பிறகும் பத்து மாதங்கள் நான் எதையும் நினைக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். சென்ற பங்குனியில் ஓரிக்கையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். படிகள் ஏற முடியாதென்று அண்ணாவை வண்டியிலேயே விட்டு, மன்னியும் நானும் உள்ளே சென்றோம். சாவி என்னிடம் இருந்தது. பொத்தானை வைத்துக்கொண்டு தாவீது வெளியே டீக்கடையில் நின்றார். இரண்டு முறை அழுத்தியாயிற்று. மூன்றாம் முறை வரவில்லை. அவர் உள்ளே ஓடிவந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டு போவதற்குள் ஏழெட்டு நிமிடம் கழிந்திருக்கும். அண்ணா நினைவிழந்து கிடந்தார். கதவுக் கைப்பிடியை இடக்கையால் இழுத்திருக்கிறார். கதவு பாதி திறந்திருந்தது. அதனால் பிழைத்தார்.

"எச்செம் சார், நானே செத்துட்டேன் சார்" என்று தாவீது அழுதார். அவருக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, பக்கவாதம் கண்ட அந்த உடம்பு சரியாக வியர்ப்பதில்லை, மற்றவர்கள் ஒரு மணி நேரம் தாங்கும் வெப்பத்தை இவர் அரை மணி தாங்க மாட்டார், வண்டிக்குள் தனியே விடவே கூடாது என்று எச்சரித்தார். மன்னியிடம் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். நான் மன்னியிடம், "டாக்டர் ஒண்ணும் பயமில்லைன்னுட்டார்" என்று தெரிவித்தேன். தாவீதிடம், பின் கதவுகளைக் குழந்தைகள் உள்ளிருந்து திறக்காதபடி தடுக்கும் பூட்டைப் போடச் சொன்னேன். ஓடும் வண்டியில் அண்ணா கைப்பிடியை இழுத்துவிட்டால் என்ன ஆவது என்று காரணம் கூறினேன். அது நியாயமான காரணம். கையேட்டிலும் அவ்வாறே இருக்கிறது.

சித்திரை மாதத்தில், நான் பணிபுரிந்த பள்ளியின் அறிவியல் ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியை இரவல் பெற்றேன். தாவீது விடுப்பில் இருந்த நான்கு நாட்களில் முதல் மூன்று நாட்கள், காலை ஒன்பதரை மணிக்கு, வீதியின் மேற்கு ஓரத்தில் வெயில் விழும் இடத்தில் நின்ற வண்டிக்குள் அதை வைத்துக் குறித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் நாற்பத்தாறு பாகை. இருபதில் ஐம்பத்திரண்டு. முப்பதில் ஐம்பத்தெட்டு. மூன்று நாளும் ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு இல்லை. நான்காம் நாள் நானே உள்ளே அமர்ந்து பார்த்தேன். ஒருவரை ஒரு நிலையில் வைப்பதற்கு முன் அந்த நிலை எத்தகையது என்று அறிந்துகொள்வது முறை என்று எனக்குப் பட்டது. பன்னிரண்டு நிமிடம் இருந்தேன். அதற்கு மேல் இயலவில்லை. முன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு இரண்டு கைகளும் நன்றாக இயங்குகின்றன. வெப்பமானியைத் துடைத்து, நன்றி கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கருட சேவையன்று வாலாஜாபாத்தில் தாவீதின் மைத்துனர் குழந்தைக்கு ஞானஸ்நானம். விடுப்புக் கேட்க அவர் தயங்கிக்கொண்டிருந்தார். நானாகவே, "போய்விட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். காலை ஒன்பது மணிக்கு இருவருமாக அண்ணாவைத் தூக்கி வண்டியில் அமர்த்தினோம். தாவீது வண்டியைத் தெரு முனைக்கு ஓட்டிவந்து, மண்டபத்துக்கு எதிரே நான் காட்டிய இடத்தில் நிறுத்தி, சாவியையும் பொத்தானையும் என் கையில் கொடுத்தார்.

"சார், மறந்துடாதீங்க. பத்து நிமிசத்துல ஆஃப் ஆயிடும். ரெண்டு தபாதான். அப்பால சாவி போட்டாத்தான் எடுக்கும். ஓரிக்கைல பார்த்தீங்கல்ல? வேணும்னா நான் இருக்கேன் சார், கொயந்தய சாயங்காலம் கூட பார்த்துக்கலாம்."

"புத்தகம் முழுவதும் படித்திருக்கிறேன், தாவீது. பேருந்து வந்துவிடும், புறப்படுங்கள்."

அவர் அண்ணாவின் பக்கம் குனிந்து, "வர்ட்டா சாமி? எச்செம் சார தட்டிக்கினே இருங்க, உட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாவுக்கு இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது.

தாவீது என்னை எச்சரித்ததாகத் தங்களிடம் கூறியபோது, நான் அதை மறுத்தேன். அதுவும் பிழையான வாக்கியம்.

ஒன்பது பத்துக்குப் பொத்தானை அழுத்தினேன். வண்டி ஒரு முறை ஹாரன் ஒலித்து, விளக்குகளைச் சிமிட்டி, ஓடத் தொடங்கியது. குளிர்காற்று பட்டதும் அண்ணா கண்களை மூடிக்கொண்டார். பஞ்சகச்சம் கட்டிக்கொள்ள வீட்டுக்கு வந்தேன். தளிகையறையிலிருந்து மன்னி, "சாவி எடுத்துண்டியா அம்பி?" என்று குரல் கொடுத்தாள். "எடுத்துண்டேன் மன்னி" என்று பொத்தானை உயர்த்திக் காட்டினேன். சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டேன். அதன் வளையத்தில் தோல் பட்டை இருந்தது. குளித்து மடியாகக் கோஷ்டிக்குப் போகிறவர் தோலைத் தொடக் கூடாது. பொத்தானில் தோல் இல்லை. அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். இதைப் பின்னர் கேட்ட அனைவரும் தலையசைத்தார்கள். எங்கள் தெருவில் இதற்கு மேல் விளக்கம் எவருக்கும் தேவைப்படாது.

ஒன்பது இருபதுக்கு வண்டியைக் கடக்கும்போது இரண்டாம் முறை அழுத்தினேன். ஒன்பதரைக்கு நின்றிருக்க வேண்டும். அப்போது நான் வீதியின் மறு கோடியில், பெரிய காஞ்சிபுரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெருமாளுக்கு முன்னால், கோஷ்டியில் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "அண்ணா வந்திருக்காரோன்னோ? ஏசி ஓடறதா ஸ்வாமி?" என்று கேட்டார். "ஓடறது" என்றேன். அவர் பார்க்கும்படி பொத்தானை எடுத்து மூன்றாம் முறையும் அழுத்தினேன். வராது என்று நூற்று நாற்பத்தோராம் பக்கம் கூறியிருந்தது. வரவில்லை. தொடங்கிய பிறகு சாற்றுமுறை ஆகும்வரை கோஷ்டியை விட்டு ஒருவர் விலகுவதில்லை. நான் விலகவில்லை.

வீட்டுக்கு வீடு பெருமாளுக்குக் கற்பூரத் தட்டு. நாங்கள் மண்டபத்தை அடையும்போது பத்து மணி ஐந்து நிமிடம். வண்டி எட்டடி தூரத்தில் நின்றது. சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள், எல்லோருடைய முதுகும் வண்டியின் பக்கம், எல்லோருடைய முகமும் பெருமாள் பக்கம். மேளமும் நாகஸ்வரமும் முழங்கின. கால் மணி நேரம் நின்று ஓதினோம். சாற்றுமுறை ஆயிற்று. தீர்த்தம் கொடுப்பவர் சென்ற ஆண்டைப் போலவே வண்டிக்குப் போய்க் கறுப்புக் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"கண்ணாடி எறங்கலையே ஸ்வாமி?"

"அண்ணா கண்ணயர்ந்திருப்பார். பாவம், வெயில். எழுப்ப வேண்டாம்" என்றேன்.

அவர் திரும்பி வந்தார். முதல் தீர்த்தம் என் உள்ளங்கையில் விழுந்தது. பச்சைக் கற்பூரம் மணத்தது. மிகவும் குளிர்ச்சியாக இருந்தது.

அதன் பின் ஏன் உடனே வண்டியைத் திறக்கவில்லை என்ற கேள்வி எழலாம். வீதியில் ஓர் உயிர் பிரிந்துவிட்டால், உடலை அப்புறப்படுத்தும்வரை பெருமாள் அந்த வீதியைக் கடப்பதில்லை. அத்தனை ஜனங்களையும் வெயிலில் நிறுத்திவைப்பது முறையாகாது. மேலும், சாவுத் தீட்டு செய்தி காதில் விழுந்த பிறகுதான் தொடங்கும். எவரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே நான் தீட்டோடு தீர்த்தம் வாங்கினேன் என்று ஒருவரும் கூற முடியாது. பெருமாள் கோயிலுக்குள் எழுந்தருளியது பதினொன்று இருபதுக்கு. பிறகு வீட்டுக்குச் சென்று, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

திறந்தபோது அவருடைய இடக்கை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மீதியைத் தாங்கள் பார்த்தீர்கள். கண்ணாடியின் உட்புறத்தில் நகக்கண் அளவில் சில கீறல்கள் இருப்பதைத் தாங்கள் காட்டிக் கேட்டபோது, கப்பலில் வரும்போது ஏற்பட்டவை என்றேன். தாங்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டீர்கள்.

வண்டி தானாக நின்றுவிடும் என்று என்னிடம் சொல்லாமல் போனார் என்ற குற்றத்துக்காகத் தாவீது பதினேழு நாட்கள் சிறையில் இருந்தார். இப்போது ஜாமீனில் வந்திருக்கிறார், வழக்கு நடக்கிறது. அவர் மனைவி மரியம்மாள் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றார்.

"சார், அவரு உங்கள்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாராம் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா உட்ருவாங்கோ. பெரிய மன்சன் நீங்க, பொய்யா சொல்லப் போறீங்க?"

"எனக்கு நினைவில்லை, அம்மா" என்றேன். மன்னி உள்ளிருந்து வந்து, "ஆத்து மனுஷாளைப் பறிகொடுத்துட்டு நிக்கறோம், இவாளுக்குப் பரிஞ்சுண்டு வேற வரணுமா?" என்று கதவைச் சாத்தினாள். மூடிய கதவுக்கு வெளியே அந்த அம்மாள் நெடுநேரம் நின்றார். நான் கூடத்தில் அமர்ந்து செய்தித்தாளைப் படித்து முடித்தேன். தாவீது குற்றமற்றவர். இதைத் தாங்கள் உரிய இடத்தில் பதிவு செய்யலாம்.

ஆனால் நான் எழுத முன்வந்தது அதற்காக அன்று. போன வாரம் ப்ரஹ்லாத் வந்திருந்தான். வண்டியில் தொழிற்சாலைப் பழுது இருந்ததாகவும், மூன்றாம் முறை எஞ்சின் ஓடாததே தகப்பனார் மரணத்துக்குக் காரணம் என்றும், தயாரித்தவர்களுக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதித் தருமாறு என்னைக் கேட்டுக்கொண்டான். எழுத அமர்ந்தேன். முதல் வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. அந்த அமைப்பு பத்து நிமிடம் ஓடும் என்றது, ஓடியது. மேலும் ஒரு பத்து நிமிடம் ஓடும் என்றது, ஓடியது. மூன்றாம் முறை ஓடாது என்றது, ஓடவில்லை. அதில் பிழை இல்லை. பிழை இல்லாத ஒன்றைப் பிழை என்று எழுத நான் பழகவில்லை. அந்த அநியாயம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வந்தவன் ஒரு குறுந்தகட்டையும் கொண்டுவந்தான். உள்ளூர் கேபிள்காரர்கள் அன்றைய கருட சேவையை முழுவதும் ஒளிப்பதிவு செய்திருக்கிறார்கள். அப்பா கடைசியாகக் கலந்துகொண்ட உற்சவம் என்று மன்னிக்குப் போட்டுக் காட்டினான். மண்டபத்துக்கு எதிரே நாங்கள் நின்று ஓதும் பகுதி அதில் தெளிவாக இருக்கிறது. கேமராவுக்கு அருகில் நான் இருந்தமையால் என் குரல் தனியாகக் கேட்கிறது. மேளத்துக்கு இடையில், கூர்ந்து கேட்டால், கண்ணாடியில் உலோகம் படும் ஓசையும் கேட்கிறது. மன்னிக்கு அது தெரியவில்லை. ப்ரஹ்லாத்துக்கும் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் அதைக் கேட்டவன் நான் ஒருவனே.

அன்று வீதியிலும் அதைக் கேட்டேன். முதல் தட்டு விழுந்ததும், பழக்கத்தால், அந்த அடியை மறுபடியும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அண்ணா மறுபடியும் தட்டினார். அதன் பிறகு நான் திரும்பிச் சொல்லவில்லை. நேராக ஓதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிட மெலிந்திருந்தது. நான் இன்னும் உரக்க ஓதினேன். மொத்தம் ஏழு.

குறுந்தகட்டை இத்துடன் இணைத்துள்ளேன். தக்க வித்துவான் ஒருவரை அழைத்து, அந்தக் கால் மணி நேரத்தை நிதானமாகக் கேட்கச் செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு விதிக்கப்படும் தண்டனை எதுவாயினும் ஏற்கிறேன். இந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் தள்ளிவிட வேண்டாம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நாற்பது முறைக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அண்ணா ஏழு முறை தட்டியிருக்கிறார்; ஆனால் ஐயா, அன்று நான் ஓர் இடத்திலும் பிழை செய்யவில்லை.